காட்டாமணக்குக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவன்

கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் ஒரு பெட்டியும், என் மனைவியின் முறிந்த கால் எலும்பின் எக்ஸ்ரே படமும் இருந்தன. "எதுக்கும் இருக்கட்டும், அங்க ஆதாரம் கேப்பாங்க" என்று சொல்லி மல்லிகா அதை என் கையில் திணித்திருந்தாள். மலேசியாவில் ஈப்போவிலிருந்து கடலூர் வரைக்கும் அந்தப் படத்தை மடிக்காமல் கொண்டுவந்தது நான் செய்த சாதனைகளில் ஒன்று. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் கூடச் சொன்னார்.

விஷயம் இதுதான். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் மல்லிகாவின் பெயரில் ஒரு ஏக்கர் கொல்லை இருக்கிறது. அவள் தம்பி செல்வராசு அதில் பயிர் செய்கிறான். அது 2008. கொல்லையில் காட்டாமணக்கு நட்டால் அதன் விதையிலிருந்து டீசல் எடுக்கலாம், நாடு யாரிடமும் எண்ணெய்க்குக் கையேந்த வேண்டாம் என்று அரசாங்கம் கன்றுகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். மாவட்டத்திலேயே சிறந்த காட்டாமணக்குக் கொல்லை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சூரிய வெளிச்சத்தில் ஓடும் தண்ணீர் மோட்டார் ஒன்றும் தருவார்களாம். செல்வராசுக்குக் காட்டாமணக்கு முக்கியமில்லை. அந்த மோட்டார்தான் முக்கியம். மின் இணைப்புக்கு எழுதிப்போட்டு ஏழு வருடமாகக் காத்திருக்கிறான். ஒவ்வொரு முறை தண்ணீர் பாய்ச்சவும் வாடகை டீசல் எஞ்சின் பின்னால் நாய் படாத பாடு படுகிறான். அதிகாரிகள் பார்க்க வரும்போது பயனாளி கொல்லையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பயனாளி ஈப்போவில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அதனால் நான் வந்தேன்.

மஞ்சக்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். கடற்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் ஊர், வேலை, பிள்ளைகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் இரண்டு நிறுத்தங்களுக்குள் விசாரித்து முடித்துவிட்டார். காட்டாமணக்கு என்றதும் சிரித்தார்.

"எங்களுக்கும் குடுத்தாங்க தம்பி. கணக்குல மிச்சம் ஆயிடுச்சாம், வேன்ல கொண்டாந்து எறக்கிட்டாங்க. நாங்க கடலுக்குப் போற ஜனம், இத எங்க நடுறதுன்னு கேட்டேன். வேன்ல வந்த ஆபீசரு மணல்ல நடுங்கம்மான்னாரு. நட்டோம். காஞ்சுபோச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, குச்சியப் புடுங்கி கருவாடு காயுற எடத்துல சுத்தி ஊணிட்டேன். நாய் வர்றதில்ல. அதுக்கு மட்டும் நல்லா ஆவுது."

மஞ்சக்குப்பத்தில் காட்டாமணக்குத் திட்ட அலுவலகத்தின் முதல் மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். மல்லிகா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைப் படித்தார். எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "இது இடது காலா, வலது காலா?" என்றார். இடது என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். மல்லிகா சொன்னது சரிதான் என்று அப்போது ஒப்புக்கொண்டேன்.

"நீங்க மலேசியாவுல என்னா வேலை பாக்குறீங்க?"

செம்பனை ஆலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன், நட்டு, போல்ட்டு, மசகு எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு என்று சொன்னேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கூடவே ஓர் அதிகாரியும் வந்தார். வயது நாற்பது இருக்கும், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, முகத்தில் பெரிய சந்தோஷம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாமாயில் ஃபீல்டா சார் நீங்க? ஃபாரின்லேருந்து ஒரு நிபுணர் நம்ம மாவட்டத்துக்கு வர்றது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்."

நான் நிபுணர் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் அடக்கத்தை மெச்சினார். நாளை மறுநாள் ஆய்வு, டை கட்டிக்கொண்டு வந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றார். ஈப்போவில் என்னை ஆலை முதலாளிக்கே அடையாளம் தெரியாது. இங்கே வந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைப்பானேன்.

அன்று மதியம் வஞ்சிரம் வறுவலும் புளிக்குழம்பும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் கறி என்றால் எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் மிதக்கும். இங்கே குழம்பு நேராக மூக்கைத் தாக்கியது. கண்ணீர் விட்டுக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினேன். மாலை ஏறிய ஷேர் ஆட்டோ திருவந்திபுரத்தில் மாட்டிக்கொண்டது. முகூர்த்த நாள். கோயிலைச் சுற்றி எத்தனை கல்யாணம் என்று எண்ண முடியவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்திருந்த என் கையில் யாரோ ஒருவர் தாம்பூலப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, "சாப்புடாம போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கல்யாணம், யார் மாப்பிள்ளை, ஒன்றும் தெரியாது. தேங்காயைச் செல்வராசு வீட்டில் கொடுத்தேன்.

மறுநாள் காலை கொல்லைக்குப் போனோம். தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலை. அதற்கும் பின்னால் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். இந்தப் பக்கம் மின் இணைப்பு இல்லாத என் மச்சானின் கொல்லை. நடுவில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி.

"காட்டாமணக்கு எங்க மச்சான்?"

செல்வராசு அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரலை நீட்டிக் காட்டினான். ஏழு செடிகள் இருந்தன. அதில் ஒன்று செத்துப்போயிருந்ததாக எனக்குப் பட்டது.

"ஆயிரம் கன்னு குடுத்தாங்க மாமா. வேன்லயே பாதி வாடிப்போச்சி. மீதிய நட்டேன், வரல. நெலத்த சும்மா போட முடியுமா? மல்லாட்டை போட்டுட்டேன். இன்னும் ரெண்டு தண்ணி காட்டுனா புடுங்கிடலாம்."

"நாளைக்கு ஆய்வாச்சே. என்ன செய்யப்போறே?"

அவன் வேலியைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்த வேலி முழுக்கக் காட்டாமணக்கு. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் இந்தப் பக்கத்தில் கொல்லைக்குக் கொல்லை அதைத்தான் வேலியாக வைப்பார்கள். அரசாங்கம் வேனில் ஏற்றிக்கொண்டுவந்து கொடுத்த கன்று வரவில்லை. யாரும் கொடுக்காத வேலி, தண்ணீர் கூட ஊற்றாமல் முப்பது வருடமாகத் தழைத்து நிற்கிறது.

"வேலிய வெட்டி உள்ள நட்டுடுவோம் மாமா. குச்சி ரெண்டு மூணு நாளைக்கு வாடாது."

"வேலிய வெட்டிட்டா ஆடு உள்ள வராதா?"

"ஒரு நாளுதான. நான் காவல் இருந்துக்கறேன்."

இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் பத்துப் பெண்கள் வந்து, பேச்சும் சிரிப்புமாகப் பொழுது சாய்வதற்குள் கொல்லை முழுக்கக் குச்சி ஊன்றிவிட்டார்கள். நாற்று நட்டுப் பழகிய கைகள், கயிறு கட்டாமலே வரிசை பிசகவில்லை. வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால் அசல் காட்டாமணக்குத் தோட்டம். சுற்றிலும் மட்டும் திறந்த வெளி.

"நாளைக்கு நீங்க ஒண்ணும் பேசாதீங்க மாமா" என்றான் செல்வராசு. "தலைய மட்டும் ஆட்டுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஆய்வு நாள் காலையில் கம்மாபுரத்து ஸ்டுடியோவிலிருந்து டையை வாங்கிவந்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு என்று அவர்கள் வைத்திருப்பது. முடிச்சு ஏற்கெனவே போட்டது, பின்னால் எலாஸ்டிக். ஊரில் பாதிப்பேர் அந்த டையோடுதான் ரேஷன் கார்டிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் இருக்கிறார்களாம். அதை மாட்டிக்கொண்டு வரப்பில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வரவேண்டிய ஜீப் பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. செல்வராசு போன் செய்தான். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஜீப்புல டீசல் இல்லையாம் மாமா."

நாட்டுக்கே டீசல் விளைவிக்க வந்த ஜீப் டீசல் இல்லாமல் நின்றுவிட்டது. அதிகாரி சிதம்பரத்தில் ஏதோ கருத்தரங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்களாம்.

அதற்குள் அஞ்சலையின் ஆடுகள் வந்துவிட்டன. அஞ்சலை பக்கத்துக் கொல்லைக்காரம்மா, பதினெட்டு ஆடு வைத்திருப்பவர். முப்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மல்லாட்டையைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஆட்டுக் குலம், இன்று வேலி இல்லை என்று தெரிந்ததும் துள்ளிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. நான் டையோடு ஓடினேன். கிழக்கே விரட்டினால் மேற்கே நுழைந்தன. செம்பனைத் தோட்டத்தில் காட்டுப் பன்றி வரும், அதற்கு மின்சார வேலி உண்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இங்கே நான்தான் மின்சார வேலி. அஞ்சலை வரப்பில் நின்று, "ஐயா, அத மெரட்டாதீங்க, அது வயித்துல குட்டி இருக்குது" என்றார். அன்றைக்கு எப்படியோ சமாளித்தோம். சாயங்காலம் என் முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின.

நான்காம் நாள், இப்படியே போனால் சரிப்படாது, நானே சிதம்பரம் போய் அந்த மனுஷனைக் கையோடு கூட்டி வருகிறேன் என்று கிளம்பினேன். காவலுக்குச் செல்வராசு. "அவரு பஸ் ஏறுனதும் போன் பண்ணுங்க, நான் போட்டோக்காரர ரெடி பண்ணிடறேன்" என்றான்.

கருத்தரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைப்பு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. நான் உள்ளே நுழைந்த நேரம் கரெண்ட் போயிற்று. பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் இரைய ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மேடையில் பேசியவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டார். அடுத்த நிமிடம் நான் மேடையில் இருந்தேன். மலேசிய நிபுணர் என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நட்டு, போல்ட்டு எண்ணுகிறவனுக்குச் சிதம்பரத்தில் பொன்னாடை. ஈப்போவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் அதை மடித்துக் கையோடு பத்திரப்படுத்தினேன்.

சாப்பாட்டில் கத்திரிக்காய் கொத்சு இருந்தது. அதைப் பற்றி மட்டும் தனியாக நாலு பக்கம் எழுத எனக்கு ஆசை. இட்லி ஏழு. எட்டாவதை அதிகாரி, "டைம் ஆச்சு சார்" என்று சொல்லிக் கெடுத்தார்.

ஜீப்புக்கு இன்னும் டீசல் வரவில்லை. பஸ்ஸில்தான் போனோம். செல்வராசுக்குப் போன் செய்து, "ஏறிட்டோம்" என்றேன். அதிகாரியின் மடியில் கருத்தரங்கில் வைத்திருந்த அட்டைக் காற்றாலை. மண்டபத்தில் எவ்வளவு ஊதியும் சுற்றாதது, பஸ் ஜன்னல் காற்றில் பிய்த்துக்கொண்டு சுற்றியது. கண்டக்டர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "திருவிழாவா சார்?" என்றார்.

வழியில் படிக்க அதிகாரி எனக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தார். காட்டாமணக்கின் சிறப்புகள். ஆடு மாடு தின்னாது. வறட்சியைத் தாங்கும். நீர்ப்பாசனம் தேவையில்லை. இரண்டு முறை படித்தேன். இவ்வளவு மரியாதை செய்கிறார்களே, ஒரு விஷயமாவது தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

கொல்லைக்கு வந்து பார்த்தால் மல்லாட்டை இல்லை.

நடந்தது இதுதான். என் போன் வந்ததும் செல்வராசு போட்டோக்காரரைக் கூட்டிவரக் கம்மாபுரத்துக்குச் சைக்கிளில் ஓடியிருக்கிறான். அவர் ஒரு காதுகுத்தில் இருந்தார். கண்டுபிடித்துக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம். அதற்குள் அஞ்சலையின் பதினெட்டு ஆடுகளும், எங்கிருந்தோ சேர்ந்துகொண்ட இருபது முப்பது ஆடுகளும் மல்லாட்டையைத் தரையோடு தரையாக மேய்ந்து, மிதித்து, கொழுந்து ஒன்று விடாமல் முடித்திருந்தன. ஆனால் ஆடு வாய் வைக்காத பயிர் என்று துண்டறிக்கை சொன்னது பொய்யில்லை. ஆயிரம் குச்சிகளும் வரிசையாக நின்றன. களை இல்லை, ஊடே ஒரு புல் இல்லை. வெறும் காட்டாமணக்கு.

அதிகாரி வரப்பில் நின்றபடியே கண் கலங்கிவிட்டார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு கொல்லைய நான் பாத்ததில்ல சார். எவ்ளோ சுத்தமா வச்சிருக்காரு பாருங்க."

செல்வராசுவின் கண்ணும் கலங்கியிருந்தது. அது வேறு காரணத்துக்காக. இருந்தாலும் அவன் சமாளித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். பயிர் போனால் போகட்டும், மோட்டார் வந்தால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எனக்கு எலாஸ்டிக் டையை மாட்டிவிட்டான். பொன்னாடையும் போட்டுக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. குச்சிகளுக்கு நடுவே நின்றேன். போட்டோ எடுத்தார்கள். மல்லிகாவின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு கட்டமாக அதிகாரி நிரப்பிக்கொண்டு வந்தார். கன்றுகள் எத்தனை, ஆயிரம். உயிருள்ளவை எத்தனை, ஆயிரம். பராமரிப்பு, மிக நன்று. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு நிபுணரா நீங்களே சொல்லுங்க. இதுக்குத் தண்ணி எவ்ளோ தேவைப்படும்?"

நான் தலையை மட்டும் ஆட்டியிருக்க வேண்டும். செல்வராசு அவ்வளவு தூரம் சொல்லியிருந்தான். ஆனால் நான்கு நாட்களாக எல்லோரும் என்னை நிபுணர், நிபுணர் என்று கூப்பிட, எனக்கு இப்போதுதான் விடை தெரிந்த ஒரு கேள்வி வந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"காட்டாமணக்குக்கு நீர்ப்பாசனம் தேவையே இல்லை" என்றேன். "அதுதான் அதன் சிறப்பு."

அதிகாரி சந்தோஷமாக எழுதினார். நீர்த் தேவை, இல்லை. மலேசிய நிபுணரின் கருத்து என்று ஓரத்தில் குறித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போதுதான் செல்வராசுவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. தண்ணீர் வேண்டாத கொல்லைக்கு யார் மோட்டார் கொடுப்பார்கள்?

அவர் போன பிறகு இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம். என்னை நாலு வார்த்தை திட்டு மச்சான், அப்போதுதான் எனக்கு ஆறும் என்று சொன்னேன். அவன் ஆடு விட்டுப்போன ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினான். முற்றாத காய்கள் நாலைந்து தொங்கின.

"உங்கள எதுக்கு மாமா திட்டணும்? இந்த நாலு நாள்ல நம்ம கொல்லையில பேசுன ஒரே உண்மை அதுதான். அதுக்குப் போயி உங்கள திட்டுவாங்களா?"

அவன் திட்டியிருந்தால் தேவலை. அன்று இரவுச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஊர் திரும்புமுன் மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு மறுபடி போனேன். அதே கண்ணாடி அம்மா. நான் நிபுணர் இல்லை, கிடங்குக்காரன், நான் சொன்னதை அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோப்பைத் திறந்து பொறுமையாகப் பார்த்தார்.

"அடிக்க முடியாது சார். வெளிநாட்டு நிபுணர் கருத்துன்னு பதிவாயிடுச்சி. அத மறுக்கணும்னா இன்னொரு வெளிநாட்டு நிபுணர் வந்து எழுதிக் குடுக்கணும்."

"அப்போ மோட்டார் யாருக்கு?"

அவர் சொன்ன குப்பத்தின் பெயர் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. பஸ்ஸில் வந்த மீன்காரம்மாவின் ஊர். "அங்க குடுத்த கன்னு எல்லாம் தண்ணி இல்லாம காஞ்சுபோச்சாம். தேவை இருக்குற எடத்துக்குத்தான சார் குடுக்கணும்" என்றார். கடலுக்கு நூறடி தள்ளி மணலில் நிற்கப்போகிற மோட்டாரை நினைத்தேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பேசி இன்னொரு கட்டத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஈப்போவுக்கு வந்து எல்லாவற்றையும் மல்லிகாவிடம் சொன்னேன். பொன்னாடையைக் காட்டினேன். போட்டோவைக் காட்டினேன். ஓரத்தில் ஒரு ஆட்டின் பின்பக்கம் விழுந்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த மண்ணில் தம்பி இன்று எஞ்சினுக்காக அலைகிற அலைச்சலை அவள் சின்ன வயதிலேயே அப்பாவிடம் பார்த்தவள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் செய்தாள். பின்பனி ஈரத்திலும் ஒரு திடீர் மழையிலும் ஊன்றிய குச்சியெல்லாம் துளிர்த்துவிட்டதாம். முன்மாதிரிக் கொல்லை என்று பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம், அதனால் ஒன்றைக்கூடப் பிடுங்கக் கூடாதாம்.

போனை வைத்துவிட்டு அவள் மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு வெளிநாட்டு நிபுணர் வந்தா மாத்துவாங்களா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அடுத்த மாசம் கட்டுப் பிரிச்சிடுவாங்க. நான் போறேன்."

"நீயா? நீ எப்படி நிபுணர்?"

"நீங்க எப்படியோ அப்படித்தான்" என்றாள் மல்லிகா. "உங்களுக்குத் தெரிஞ்சது நீங்க பஸ்ல படிச்சது. அந்தக் கொல்லைக்கு எத்தன தண்ணி வேணும்னு எனக்குப் படிச்சுத் தெரிய வேண்டியதில்ல."

டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். எக்ஸ்ரே படத்தை நானே உறையில் போட்டுப் பெட்டியின் மேலே வைத்தேன். பொன்னாடையையும் எடுத்து நீட்டினேன். அதை மட்டும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை.